யானை மிதித்தால் நஷ்டஈடு, அரசு மிதித்தால்?

எங்க சானமாவு பக்கம் காட்டு யானை இறங்கி ராகியை மிதித்தால், வனத்துறை கணக்கெடுத்து நஷ்டஈடு தருகிறது. குறைவோ, தாமதமோ, தருவது தன் பொறுப்பு என்றாவது அரசு ஒத்துக்கொள்கிறது.

மனுஷனை அரசே மிதித்தால்?

2009ல் ஈழப்போர் பற்றிப் பேசிய சீமான் மீது தேசிய பாதுகாப்புச் சட்டம். உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2017 மே மாதம், முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக மெரினாவில் மெழுகுவர்த்தி ஏற்றப் போன திருமுருகன் காந்தி மீது குண்டர் சட்டம். செப்டம்பரில் அதுவும் ரத்து. போன மாதங்களை யார் திருப்பித் தருவது?

1980ல் வந்த தேசிய பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைக்கலாம். ஆலோசனைக் குழு முன் வக்கீல் வைக்கும் உரிமை கிடையாது. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு அதிகாரி மீது வழக்குப் போட முடியாது என்கிறது 16ஆம் பிரிவு!

ஆக, அரசு ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாயை மூட சில மாதம் போதும். நஷ்டமே வராத வியாபாரத்தை யார்தான் விடுவார்கள்?

பேச்சு குற்றமென்றால் சாதாரணச் சட்டத்தில் கேஸ் போட்டு நிரூபியுங்கள். காவல் ரத்தானால், அடைபட்ட ஒவ்வொரு நாளுக்கும் நஷ்டஈடு கொடுங்கள். கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்லட்டும்.

ஒரு மெழுகுவர்த்திக்கு உருகிவிடும் என்றால் அதற்குப் பெயர் தேசப் பாதுகாப்பா?