குதிரைக்கு ரஜாய் போர்த்தும் புண்ணியவான்களுக்கு...

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவைப் படிச்சிட்டு "இந்தம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"ன்னு திட்டப் போறீங்க. திட்டுங்க. ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

டிசம்பர் பிறந்தால் தில்லி, நொய்டா, காஜியாபாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு வேண்டுகோள் சுற்ற ஆரம்பிக்கும். "வாயில்லா ஜீவன்கள் குளிரில் நடுங்குகின்றன. வீட்டில் உள்ள பழைய ரஜாய், கம்பளி, பெட்ஷீட் கொடுத்து உதவுங்கள். சூளைக் குதிரைகளுக்கும் கல்யாணக் குதிரைகளுக்கும் போர்த்துவோம்." கீழே வரிசையாகக் கும்பிடு போடும் பொம்மைகள். அடுத்த ஞாயிறு ஒரு டெம்போ நிறைய மூட்டைகள் கிளம்பிவிடும்.

நான் கால்நடை மருத்துவர். பிறந்தது சேலத்துப் பக்கம், பிழைப்பது மேற்கு உத்தரப் பிரதேசத்தில். பதினான்கு குளிர்காலம் பார்த்தாச்சு. அந்த டெம்போ வந்துவிட்டுப் போன மறுவாரம் என்னிடம் வரும் குதிரைகளையும் பார்த்தாச்சு. அதனால்தான் இந்த எரிச்சல்.

நம்ம பிரச்னை என்னன்னா, நமக்குக் குளிருது, அதனால குதிரைக்கும் குளிரும்னு முடிவு கட்டிடறோம். நாம யாரு? மார்கழி மாசம் 22 டிகிரிக்கே குழந்தைக்குக் குரங்குக் குல்லா மாட்டுற ஊர்க்காரங்க. அந்த அளவுகோலைக் குதிரை மேல் வைத்தால் எப்படி?

குதிரையின் கணக்கே வேறு. குளிர்கால ரோமம் வளராத குதிரைகூட ஏறக்குறைய 5 டிகிரி வரை கூடுதலாகச் சக்தி செலவழிக்காமல் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும். ரோமம் நன்றாக வளர்ந்து, உடம்பில் சதையும் இருந்து, குளிருக்குப் பழகிய குதிரை என்றால் பூஜ்யத்துக்குக் கீழேயும் பல டிகிரி தாங்கும். தில்லி சப்தர்ஜங்கில் 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரி பதிவானது. நமக்குப் பல் தந்தியடித்த அந்தக் காலையிலும், வயிறு நிறைந்து, உடம்பு காய்ந்து, காற்று படாத இடத்தில் நின்ற ஆரோக்கியமான குதிரைக்குப் பெரிய கஷ்டம் இருந்திருக்காது. ஸ்பிதியிலும் ஜான்ஸ்கரிலும் உள்ள மட்டக்குதிரைகளுக்கு யார் ரஜாய் தைத்துக் கொடுத்தார்கள்?

இது எப்படி நடக்குது? பகல் பொழுது குறையக் குறைய, குளிர் வருவதற்கு முன்பே குளிர்கால ரோமம் முளைக்கத் தொடங்குகிறது. குளிரும்போது அந்த ரோமம் சிலிர்த்து நிற்கும். நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் காற்றுதான் உண்மையான ஸ்வெட்டர். இன்னொரு அடுப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. காய்ந்த புல்லும் வைக்கோலும் பெருங்குடலில் நொதிக்கும்போது சூடு பிறக்கும். ராத்திரி முழுக்க மெல்ல ஏதாவது இருந்தால் அந்த அடுப்பு ராத்திரி முழுக்க எரியும்.

இப்போ நம்ம ரஜாய் இதில் என்ன செய்யுதுன்னு பாருங்க. அதன் கனமே சிலிர்த்த ரோமத்தை அமுக்கிவிடும். ஸ்வெட்டர் காலி. சரி, பதிலுக்கு ரஜாயாவது சூடு கொடுக்குமேன்னா, அது பஞ்சு. ஜனவரியில் இங்கே ராத்திரி மூடுபனி எப்படி இறங்கும்னு உங்களுக்கே தெரியும். பால்கனியில் காயப்போட்ட துணி காலையில் பிழிகிற மாதிரி இருக்கும். திறந்தவெளியில் நிற்கிற குதிரை மேல் கிடக்கும் ரஜாய் மட்டும் காய்ந்தா இருக்கும்? விடியற்காலையில், குளிர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், அது ஈரப்பஞ்சு மூட்டையாகி முதுகோடு ஒட்டிக்கிடக்கும். பானிபட் கம்பளியும் அப்படித்தான். வீட்டுக்குள்ளே மனிதர்கள் போர்த்திக்கொள்ளச் செய்த சாமான் அது. போர்த்தாமல் விட்டிருந்தால் அந்தக் குதிரை இதைவிடச் சூடாக இருந்திருக்கும்!

அடுத்தது கட்டுறது. ரஜாய்க்கு வார் கிடையாது, பக்கிள் கிடையாது. நைலான் கயிறு போட்டு வயிற்றைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். ராத்திரி குதிரை படுத்து எழுந்தால் துணி சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கும். கால் மாட்டும், மிரளும், விழும். கயிறு அறுத்த புண்ணுக்கு மருந்து போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. நாள்கணக்கில் எடுக்காமல் விட்ட ஈரப்போர்வைக்குக் கீழே டெர்மட்டோஃபிலஸ் என்கிற கிருமி குஷியாக வளரும். முதுகெல்லாம் பொருக்குத் தட்டி, கொத்துக் கொத்தாக முடி கழன்று வரும். அந்த முதுகு மேல்தான் மறுநாள் சேணம் ஏறுது, செங்கல் ஏறுது.

"அப்போ போர்வையே வேண்டாம்கிறீங்களா டாக்டர்?"

அப்படிச் சொல்லவே இல்லை. போர்வை தேவைப்படுகிற குதிரைகள் உண்டு. கிழடு, நோயாளி, விலா எலும்பு எண்ணுகிற அளவுக்கு மெலிந்தது, சின்னக் குட்டி, சூடான ஊரிலிருந்து புதிதாக வந்தது, ரோமம் மழித்தது. சூளையில் வேலை முடிந்து வியர்வையோடு வந்து ஒதுங்க இடமில்லாமல் வாடைக்காற்றில் நிற்கிற குதிரையும், கோவேறு கழுதையும். காற்றும் ஈரமும் சேர்ந்துவிட்டால் மேலே சொன்ன டிகிரிக் கணக்கு எல்லாம் செல்லாது. நனைந்த ரோமம் சிலிர்க்காது. 10 டிகிரி மழை, 0 டிகிரி உலர் குளிரைவிட மோசம்.

இவற்றுக்கு வாங்குவதாக இருந்தால் ஒழுங்காக வாங்குங்கள். இங்கே இதை ஜூல் என்பார்கள். லாயத்துக்குள்ளே போடுவது வேறு, வெளியே நிற்கிற குதிரைக்குப் போடுவது வேறு. வெளியே போடுவதற்கு மேல்துணி தண்ணீர் புகாததாக, ஆனால் உள்ளே இருக்கும் வியர்வை ஆவியை வெளியே விடுவதாக இருக்கணும். வெறும் பிளாஸ்டிக் தார்ப்பாயை முதுகில் கட்டினால் உள்ளேயே வியர்த்து நனையும். துணியின் உறுதியை டெனியரில் சொல்வார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். 600 என்றால் சாது குதிரைக்குப் போதும். வேலியில் உரசுகிற, ஒன்றையொன்று கடிக்கிற கூட்டத்துக்கு 1200 வேண்டும். ஆனால் டெனியருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை, கடைக்காரர் குழப்பினால் ஏமாறாதீர்கள். சூடு என்பது உள்ளே வைத்த திணிப்பில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 100 கிராம், 200 கிராம், 300 கிராம் என்று வரும். நம்ம சமவெளிக் குளிருக்கு, ரோமம் உள்ள குதிரைக்கு, போர்த்தியே ஆகணும் என்றாலும் திணிப்பே இல்லாத மழைவிரிப்பு போதும். மழித்த குதிரைக்கும் மெலிந்த கிழத்துக்கும் 100, 200. இந்த ஊரில் 300-ஐப் போட்டால் பகல் வெயில் வந்ததும் உள்ளே வேகும்.

அளவு? நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் பின்தொடையின் கடைசி வரை டேப் பிடித்து அளக்கணும். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் அழுத்தக்கூடாது. தோள் முன்னும் பின்னும் தாராளமாக அசையணும். நெஞ்சில் பக்கிள், வயிற்றுக்கடியில் குறுக்கு வார், முடிந்தால் பின்னங்கால் வார், மூன்றும் இருந்தால்தான் படுத்து எழுந்தாலும் நகராது. தினமும் ஒரு தடவையாவது கழற்றி, முதுகைத் தடவிப் பார்க்கணும். போர்வைக்குள்ளே தோளுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு வியர்த்திருந்தால் உடனே எடுத்துடணும். காதைத் தொட்டுப் பார்த்து முடிவு கட்டாதீங்க, சூடான குதிரைக்கும் காது ஜில்லுன்னு இருக்கும்.

இதை எல்லாம் தினமும் செய்ய ஆள் இல்லையா? அப்போ போர்வையே வேண்டாம். கழற்றிப் பார்க்க ஆளில்லாத போர்வை குதிரைக்குத் தண்டனை.

"வெள்ளைக்காரன் எல்லாக் குதிரைக்கும் கோட்டு மாட்டுறானே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். அவன் சவாரிக்காகக் குளிர்காலத்தில் ரோமத்தை மழிக்கிறான், அதனால மாட்டுறான். மழிக்காததுக்கும் மாட்டுறானே என்றால், அதை அங்கேயே கேள்வி கேட்கிறார்கள். நார்வேயில் ஒரு ஆய்வு, 2016-ல் வெளியானது. 23 குதிரைகளுக்கு மூன்று குறிகளைப் பழக்கினார்கள். ஒன்று போர்வையைப் போடு, ஒன்று எடு, ஒன்று அப்படியே விடு. குதிரைகளே மூக்கால் தொட்டுச் சொல்லின. மழையும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போடச் சொல்லின, நல்ல வானிலையில் எடுக்கச் சொல்லின. குதிரைக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியலை.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. கான்பூரில் தைக்கிற குதிரைச் சாமான்கள் உலகம் பூராவும் போகின்றன. சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அதே மாநிலத்துச் செங்கல் சூளைக் குதிரைக்குக் கிடைப்பது கிழிந்த கோணிச் சாக்கு. ஆனா கேளுங்க, அந்தச் சாக்கையும் அறிவோடு போடுகிற குதிரைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வேர்த்து வந்த குதிரையின் முதுகில் காய்ந்த வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் சாக்கைப் போடுவார்கள். வைக்கோல் இடைவெளியில் காற்று ஓடி முதுகு காயும். காய்ந்ததும் இரண்டையும் எடுத்துவிடுவார்கள். நம்ம ரஜாயைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அதனால டெம்போ அனுப்புகிறவர்களே, அந்தக் காசை இப்படிச் செலவு பண்ணுங்க. முதலில் தீவனம். 300 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு நாலரை முதல் ஆறு கிலோ வரை காய்ந்த தீவனம் வேண்டும், அதில் பெரிய பங்கு ராத்திரிக்கு. இரண்டாவது, வாடைக்காற்று வரும் பக்கம் மூங்கில் நட்டு ஒரு தார்ப்பாய்த் தடுப்பு, மேலே கூரை, கீழே காய்ந்த தரை. மூன்றாவது, வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் மாதிரி தண்ணீரைக் குதிரை போதுமான அளவு குடிக்காது, குடல் அடைத்து வயிற்றுவலியில் உருளும். நாலாவது, குளிர் தொடங்கும்போது அழகுக்காக மெஷின் போட்டு ரோமத்தை வழிக்காதேன்னு குதிரைக்காரரிடம் பொறுமையாகச் சொல்லுங்க. இருக்கிற கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போர்வை தானம் கேட்பதில் அர்த்தமில்லை. இவை எல்லாம் முடிந்து காசு மிஞ்சினால், மேலே சொன்ன பட்டியலில் உள்ள குதிரைக்கு மட்டும் நல்ல ஜூல்.

கடைசியா, நம்ம வீட்டு விஷயம். இப்போ நம்மாட்களும் கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி பராத் வைக்க ஆரம்பித்துவிட்டோம். ஜானவாசக் கார் போய்க் குதிரை வந்தாச்சு. வைங்க, உங்க இஷ்டம். ஆனா ஜனவரி ராத்திரியில், அழகுக்கு மழித்த வெள்ளைக் குதிரை, ஜிகினாத் துணியோடு மண்டப வாசலில் மூணு மணி நேரம் வெறும் வயிற்றில் நிற்குது. காரணம், மாப்பிள்ளையின் நண்பர்கள் இன்னும் ஆடி முடிக்கலை. அதைத் தாண்டித்தான் நாம் உள்ளே போய் சூடா சூப் குடிக்கிறோம். மழித்த குதிரை வேண்டாம்னு புக்கிங்கின்போதே சொல்லுங்க. ஊர்வலத்தை நேரத்துக்கு முடிங்க. குதிரைக்காரருக்கு ஒரு தட்டுச் சாப்பாடும், குதிரைக்கு ஒரு வாளி வெந்நீர் கலந்த தண்ணீரும் ஒரு கட்டுப் புல்லும் மண்டபக்காரரிடம் சொல்லி வையுங்க. பந்தியில் ஒரு இலைக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

ரஜாயை என்ன பண்றதுன்னு கேட்பீங்க. உங்க அபார்ட்மெண்ட் வாசலில் ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற காவலாளி அண்ணனுக்குக் கொடுங்க. அவருக்கு ரோமம் வளராது.