சனிக்கு உண்டு, படிக்கிற டாக்டருக்கு இல்லை!

இடமாற்றம் என்பது இந்த நாட்டில் யார் யாருக்கு உண்டு என்று யோசித்துப் பார்த்தால் வெகு வேடிக்கையாய் இருக்கிறது. தாசில்தாருக்கு உண்டு. போலீஸ்காரருக்கு உண்டு. பள்ளிக்கூட வாத்தியாருக்கு உண்டு. ஜோசியர் பேச்சை நம்பினால் சனி பகவானுக்குக்கூட இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு மாற்றம் உண்டு. ஆனால் எம்.பி.பி.எஸ். தேறி, எம்.டி., எம்.எஸ். என்கிற மேல்படிப்புக்கு 3 வருஷம் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்ட டாக்டருக்கு மட்டும் அது கிடையாதாம். 2000-ஆம் வருஷத்து விதி அப்படிச் சொல்லிற்று. 2023 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட புது விதியும் எந்தச் சந்தர்ப்பத்திலும் மாற்றமில்லை என்றே அடித்துச் சொல்லுகிறது.

இவ்விதி ஏன் வந்தது என்பதை நாம் அறியாமல் இல்லை. மாற்றம் உண்டு என்றால், பணக்காரன் பிள்ளை எங்கோ ஒரு மூலையில் மார்க்குக் குறைந்தவனாய் நுழைந்து, மறு வருஷமே சிபார்சு பிடித்துச் சென்னைக்கு வந்து உட்கார்ந்து கொள்வான். ஏழை வீட்டுப் பிள்ளை நீட் பரீட்சை எழுதி வரிசையில் நின்று வாங்கிய இடத்துக்கு மதிப்பில்லாமல் போகும். ஆகையால் கொல்லைப்புற வழியை அடைத்தது சரிதான். நமது சண்டை அதைப் பற்றியதல்ல. கொல்லைப்புறக் கதவை அடைக்கிற ஜோரில், வீடு தீப்பிடித்தால் ஓடிப் போகிற வழியையும் சேர்த்துப் பூட்டி விட்டார்களே, அதைப் பற்றித்தான் கேட்கிறோம்.

நாஞ்சில் நாடு திருவாங்கூர் ராஜ்யத்துக்கு அடங்கிக் கிடந்த காலத்தில், பல்ப்பு என்கிற ஈழவர் சென்னையில் வைத்தியம் படித்துத் தேறி வந்தார். ஜாதியைக் காரணமாக வைத்துத் திருவாங்கூர் சர்க்கார் அவருக்கு உத்தியோகம் கொடுக்க மறுத்து விட்டது. அவர் மைசூருக்குப் போனார். 1898-இல் பெங்களூரில் பிளேக் கண்டபோது அங்கேதான் பாடுபட்டார். தர்மராஜ்யம் என்று பேர் வைத்துக் கொண்டவர்கள் துரத்தினார்கள் என்றாலும், போவதற்கு அவருக்கு ஒரு மைசூராவது இருந்தது. இன்று ஜாதியின் பேராலோ, பெண் என்பதாலோ ஒரு கல்லூரிக்குள் வதைபடுகிற மேல்படிப்பு மாணவருக்கு அந்த மைசூர் எங்கே?

பம்பாயில் பாயல் தத்வி என்கிற ஆதிவாசிப் பெண் டாக்டர் பிரசவ வைத்திய மேல்படிப்புப் படித்து வந்தார். சீனியர்கள் மூவர் ஜாதியைச் சொல்லி இழிவு செய்தார்கள் என்று குடும்பத்தார் முறையிட்டார்கள். 2019 மே மாதம் அவர் உயிரை மாய்த்துக் கொண்டார். குற்றம் சாட்டப்பட்ட மூவரும் ஜாமீனில் வந்த பிறகு, 2020 அக்டோபரில், அதே கல்லூரிக்குத் திரும்பிப் படிப்பை முடிக்க சுப்ரீம் கோர்ட் அநுமதித்தது. குற்றம் ருஜுவாகும் முன் ஒருவர் படிப்பைக் கெடுக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் வேறு கல்லூரிக்கு அனுப்ப விதியில் இடமில்லை. ஆகவே எந்த வார்டில் அந்தப் பெண் வேலை பார்த்தாரோ, அந்த ஆஸ்பத்திரிக்கே அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. புகார் சொன்னவருக்கும் மாற்றமில்லை, புகாருக்கு ஆளானவருக்கும் மாற்றமில்லை என்கிற விதியை என்னவென்று சொல்லுவது?

பம்பாய் வெகுதூரம் என்று யாரும் இருக்க வேண்டாம். நமது குமரி மாவட்டத்திலேயே 2023 அக்டோபரில், ஒரு தனியார் கல்லூரியில் மேல்படிப்புப் படித்த பெண் டாக்டர் உயிர் விட்டார். அவர் எழுதி வைத்த கடிதத்தின் பேரில் ஒரு பேராசிரியர் கைதானார். அவ்வழக்கின் உண்மை கோர்ட்டில் தீர வேண்டியது.

இப்படிப்பட்ட சங்கதி வீட்டுக்கு எட்டினால் நம்மவர்கள் செய்வது என்ன? "மக்ளே, மூணு வருசம் பல்லைக் கடிச்சுட்டு இரி" என்பார் தகப்பனார். தாயார் ஜாதகத்தை எடுத்துக் கொண்டு ஓடுவார். ஏழரைச் சனி என்று ஜோசியன் சொல்லுவான்; எள் விளக்குப் போடச் சொல்லுவான். தொல்லை கொடுக்கிறவன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், விளக்கு கோவிலில் எரிகிறது! அந்தப் பெண் படிப்பை விட்டுவிடலாம் என்றாலோ, இடத்தைக் காலி செய்தால் லட்சக்கணக்கில் அபராதம் கட்டு என்கிற பத்திரம் குறுக்கே நிற்கிறது. இந்தப் பத்திர முறையை எடுத்துவிடும்படி 2024 ஜனவரியில் ஆணையமே மாநில சர்க்கார்களுக்கு எழுதிற்று. அபராதம் கூடாது என்று அறிந்தவர்களுக்கு மாற்றம் வேண்டும் என்பது மட்டும் ஏன் தோன்றவில்லை?

வாத்தியார் மாறினால் பயிற்சி கெட்டுவிடும் என்று ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். அப்படியானால், இதே ஆணையம் மேல்படிப்பு டாக்டர் ஒவ்வொருவரையும் 3 மாதம் ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கட்டாயமாய் அனுப்புகிறதே, அது எப்படி? அங்கே வேறொருவர் மேற்பார்வை பார்க்கிறார். அந்தக் காலமும் படிப்போடு சேர்கிறது. பயிற்சி கெட்டுவிடவில்லையே! அமெரிக்காவில் நடுவில் ஒருவர் மாறினால், பழைய ஆஸ்பத்திரி அவர் கற்றதை எழுத்தில் கொடுக்கிறது, புதிய இடம் அதைப் பார்த்துச் சேர்த்துக் கொள்ளுகிறது. அங்கே நோயாளிகள் இதனால் செத்துப் போய் விடவில்லை.

கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத ஒரு கமிட்டி விசாரிக்கட்டும். புகார் நம்பத்தக்கது என்று கண்டால், புகார் செய்தவர் விரும்புகிற பட்சத்தில், அதே பாடத்தில் வேறு சர்க்கார் கல்லூரிக்கு அபராதமில்லாமல் அனுப்பட்டும். இதில் சிபார்சுக்காரன் நுழைய வழி ஏது?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும். வேலை ஸ்தலத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் வந்த சட்டத்தின் 12-வது பிரிவு, விசாரணை நடக்கையில் புகார் செய்தவரையோ எதிரியையோ வேறு இடத்துக்கு மாற்றவும், 3 மாதம் வரை லீவு கொடுக்கவும் கமிட்டி சிபார்சு செய்யலாம் என்கிறது. அதற்குப் பெண்ணே எழுத்தில் கேட்க வேண்டும். ஜோசியனுக்குக் கொடுக்கிற தட்சிணையில் பாதி கூட ஆகாது, ஒரு தாளும் பேனாவும். தேதி போட்டு எழுதி, பெற்றுக் கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள்.