கைமாறிய வேலைகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று பதிவு செய்தவர்கள் 46.2 சதவீதம். பாதிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் முறை. மதமில்லை என்றவர்கள் 37.2 சதவீதம். பசி, நோய், நாளைய பிழைப்பு பற்றிய பயம் குறையக் குறைய மத நிறுவனங்களின் பிடி தளர்கிறது என்று அரசியல் ஆய்வாளர்கள் நாரிஸும் இங்கிள்ஹார்ட்டும் 2004இல் எழுதினார்கள். அந்த வாதத்தை உரசிப் பார்க்கக் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை நல்ல இடம்.

பேச்சியம்மன் பெயரைத் தாங்கிய மலையூர் இது. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897 முதல் 1906 வரை, பொறியாளர் மிஞ்சின் இங்கே கோதையாற்றை மறித்து அணை கட்டினார். இன்றும் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு மலர் தூவித்தான் தண்ணீர் திறக்கிறார்கள். ஆனால் எந்தக் கால்வாயில் எத்தனை கனஅடி என்பதை அதிகாரிகளே முடிவு செய்கிறார்கள். மழைக்காக வானத்தைப் பார்த்த விவசாயி அணையின் நீர்மட்டத்தைக் கேட்கப் பழகிவிட்டார்.

மலைமேல் காணிக்காரப் பழங்குடியினரின் பூசாரியான பிலாத்தி, கொக்கரை என்னும் இரும்புக் குழாயின் பல் விளிம்பில் கம்பியை உரசிப் பாடி நோய் விரட்டுவார். ஆஸ்பத்திரி எட்டும் தூரத்துக்கு வந்தபின் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி டாக்டரிடம் போய்விட்டது.

கீழே சமவெளியில் மதம் வளர்ந்ததும் வேலை செய்துதான். 1806இல் மைலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயின் வழியில் பள்ளிகள் எழுந்தன; 1838இல் நெய்யூரில் மருத்துவப்பணி தொடங்கியது. அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்தார். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடத்திய மக்களுக்கு அது சாதாரண விஷயமல்ல. மதம் அவர்களுக்கு மானத்தைக் கொடுத்தது.

பள்ளியும் மருத்துவமும் இப்போது அரசிடமும் தனியாரிடமும் கிடைக்கின்றன. ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65, கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம்; கோயிலும் காலியாகவில்லை, சர்ச்சும் காலியாகவில்லை. தொண்டு சுருங்கிய இடத்தை அடையாளம் நிரப்புவதுதான் கவலை தருகிறது. அடையாளத்துக்காகத் திரளும் கூட்டம் எதுவரை போகும் என்பதை 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரம் காட்டிவிட்டது.

நாரிஸ், இங்கிள்ஹார்ட் வாதம் முழுதாகப் பொருந்தாததற்குக் காரணம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜெபத்துக்கே போகாத கிறிஸ்தவ இளைஞனுக்கும் கல்யாணம் என்றால் சர்ச்சில் மூன்று வாரம் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். அவனுடைய பாட்டி இறந்தால் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும். இங்கிலாந்தில் பதிவாளரும் நகராட்சி மயானமும் ஏற்றுக்கொண்ட இந்த இரண்டு காரியங்களும் குமரியில் இன்னும் பெரும்பாலும் சபையின் கையில்தான் இருக்கின்றன.