மூன்று சீட்டும் ஒரு வாக்குவாதமும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து நாலு பேர் கூடிவிட்டால் போதும், டாம் பலகையோ கேரம் பலகையோ சீட்டுக்கட்டோ வெளியே வந்துவிடும். ஆட்டம் அரை மணி நேரம் என்றால் அதைப் பற்றிய பேச்சு ஒரு மணி நேரம். "அந்த ராணியை ஏன்டா அப்பவே இறக்கினே?" என்று ஒருவர் கேட்பார். "நான் ஜெயிச்சேனா இல்லையா? அப்புறம் என்ன பேச்சு, மாமா?" என்று மற்றவர் எகிறுவார். காசு வைத்து ஆடுவது குடும்பத்தைக் கெடுக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. அதை இங்கே விட்டுவிடுவோம். நான் எழுத வந்தது ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் அந்தப் பேச்சைப் பற்றி.

ஜெயித்தவன் சொல்வதே சரி என்பது டாம் பலகையில் ஓரளவு செல்லும். சீட்டில் செல்லாது. போக்கர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் பெற்ற ஒரு வகையில், கைக்கு முதலில் வருவது இரண்டே சீட்டு. இரண்டும் ஆஸாக இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. எதிரில் ஒருவர் மட்டும் இருந்து, கடைசிச் சீட்டு வரை போனால், சராசரியாக 100 ஆட்டத்தில் ஏறக்குறைய 85 ஆட்டம் ஆஸ் வைத்திருப்பவருக்கு. மீதி 15 ஆட்டத்தில், சரியாக ஆடியவர் தோற்கிறார்; கண்ணை மூடிக்கொண்டு ஆடியவர் மீசையை முறுக்குகிறார்! ஆகவே தோற்றவன் வாயை அடைத்தால், சில நேரம் உண்மையையே அடைத்துவிடுகிறோம்.

பெரிய படிப்பாளிகளும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1990ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஞாயிறு நாளிதழ்களோடு இணைப்பாக வந்துகொண்டிருந்த 'பரேட்' இதழில், மர்லின் வாஸ் சாவந்த் என்ற பெண்மணி வாசகர் அனுப்பிய புதிர் ஒன்றுக்குப் பதில் எழுதினார். மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு என்பது அந்தப் புதிர். நமக்குச் சீட்டு போதும். ஒரு சிவப்பு ராணி, இரண்டு கறுப்புச் சீட்டு. மூன்றையும் கவிழ்த்து வைக்கிறேன். ராணி எங்கே என்பது எனக்குத் தெரியும். நீங்கள் ஒன்றின் மேல் விரலை வையுங்கள். மற்ற இரண்டில் ஒரு கறுப்பை நான் புரட்டிக் காட்டுகிறேன். இப்போது கவிழ்ந்திருப்பவை இரண்டு. விரலை அங்கேயே வைத்திருப்பீர்களா, மாற்றுவீர்களா?

"இரண்டுதானே மிச்சம், பாதிக்குப் பாதி, மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன?" என்றுதான் அநேகமாக எல்லாரும் சொல்வார்கள். மர்லின், மாற்றுவதே நல்லது என்று எழுதினார். ஏறக்குறைய 10,000 கடிதங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை, அவர் சொன்னது தவறு என்றன. எழுதியவர்களில் சுமார் 1,000 பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். கணிதம் கற்பிக்கும் பேராசிரியர்களும் காரமாகவே எழுதினார்கள்.

மர்லின் சொன்னதே சரி. முதலில் நீங்கள் தொட்ட சீட்டு ராணியாக இருப்பது மூன்றில் ஒரு தடவைதான். மற்ற இரண்டு தடவையும் ராணி என் பக்கம் இருக்கிறது. கறுப்பைத்தான் புரட்ட வேண்டும் என்பதால், ராணியை உங்களுக்காக ஒதுக்கி வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆக, மாற்றுபவருக்கு மூன்றில் இரண்டு பங்கு. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பிலேயே ஆடிப் பார்க்கட்டும் என்றார் அவர். ஆடினார்கள், எண்ணினார்கள், எழுதி அனுப்பினார்கள். திட்டியவர்களில் பலர் பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார்கள். கணித மேதை பால் எர்டோஷும் விளக்கம் கேட்டு ஒப்புக்கொள்ளவில்லை என்றும், கணினியில் பல தடவை ஆட்டத்தை ஓடவிட்டுக் காட்டிய பிறகே இறங்கி வந்தார் என்றும் அவருடைய நண்பர் எழுதியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. சீட்டை வைப்பவருக்கு ராணி இருக்குமிடம் தெரியாமல், குருட்டாம்போக்கில் புரட்டியது தற்செயலாகக் கறுப்பாக அமைந்தால், அப்போது பாதிக்குப் பாதிதான்! அதாவது, சண்டை போடும் இருவரும் வெவ்வேறு சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசக்கூடும். நம் வீடுகளிலும் இதே கதைதான். ஒரு தோட்டத்துச் சட்டம் அடுத்த தோட்டத்தில் கிடையாது. கல்யாணமாகி வந்த மாப்பிள்ளை ஒரு மாதிரி ஆடுவார், மைத்துனர் ஒரு மாதிரி ஆடுவார். "நீங்க எந்தச் சட்டத்துல பேசுறீங்க, மச்சான்?" என்று முதலில் கேட்டிருந்தால், எத்தனை வீட்டில் பேச்சு வார்த்தை நிற்காமல் இருந்திருக்கும்!

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பத்து வயதுப் பையன், "அப்பா, அதை மாத்தி வச்சிருக்கலாம்பா" என்பான். "பெரியவங்க ஆடுறப்ப வாயை மூடு" என்று பதில் வரும். அப்படி அடக்கப்பட்ட பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறேன். கணக்கின் விடை சிலேட்டிலோ தாளிலோ சரியாக இருக்கும். கை மட்டும் மேலே வராது. அந்தக் கையைத் தூக்க வைக்க ஓர் ஆசிரியருக்கு ஒரு வருடம் போதாது. "ஏன் அப்படிச் சொல்றே?" என்று வீட்டில் அப்பா ஒரு தடவை கேட்டால் பாதி வேலை முடிந்தது. அவன் சொல்வது தவறாகவே இருக்கட்டும். தவறு எங்கே என்று அவனே கண்டுபிடிப்பான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று சீட்டை எடுத்து வையுங்கள். அப்பா 30 தடவை மாற்றாமல் ஆடட்டும், அம்மா 30 தடவை மாற்றி ஆடட்டும். 10-க்கும் 20-க்கும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஐந்தாறு தடவையோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. சீட்டு வைக்கும் வேலை மூத்தவளுக்கு. கோடு போட்டு எண்ணும் வேலையை, வீட்டில் ஆகச் சின்னவன் யாரோ அவனிடம் கொடுங்கள்.