எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளை வக்கீலான கதை

‘மூணாங் கிளாஸ் வந்தாச்சு. இன்னும் ஒரு வரி சரியா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியலை. இவனை வைச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்?’ என்று கண்ணைக் கசக்கும் தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்காகவே இந்தத் தடவை சமையல் குறிப்பையும் கை வைத்தியத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு அமெரிக்க வக்கீலின் கதையைச் சொல்லப் போகிறேன். ‘வக்கீல் கதை நமக்கெதுக்கு?’ என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே. விஷயம் இருக்கிறது.

அவர் பெயர் டேவிட் பாய்ஸ். 1941-ல் இல்லினாய் மாநிலத்தில் சிகமோர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஐந்து குழந்தைகளில் இவர்தான் மூத்தவர். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்றால் ஊர் என்ன எதிர்பார்க்கும் என்று நமக்குத் தெரியாதா? ஆனால் மூன்றாம் வகுப்பு வரை பையனுக்குப் படிக்க வரவில்லை. அம்மா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுவாராம். பையன் அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து விடுவானாம். தாளில் இருந்த எழுத்து பிடிபடவில்லை. அம்மாவின் குரல் மட்டும் அப்படியே மனத்தில் தங்கிவிட்டது.

இதற்கு ‘டிஸ்லெக்ஸியா’ என்று பெயர். பாய்ஸின் சின்ன வயதில் யாரும் அவரிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவர் பெரியவராகி, தன் பிள்ளைக்கும் படிப்பதில் சிரமம் என்று சோதித்துப் பார்த்தபோதுதான், ‘அட, எனக்கும் இதுதானே!’ என்று புரிந்ததாம்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நேராகக் கல்லூரிக்குப் போய்விடவில்லை. குடும்பம் 1954-ல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே கட்டட வேலைக்குப் போனார். பாங்கில் கணக்கு எழுதினார். சீட்டாட்டத்திலும் பெரிய கெட்டிக்காரர். நம் வீட்டுப் பிள்ளை இப்படி இருந்தால் நாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவோம். பிறகுதான் கல்லூரி, அதன்பின் சட்டப் படிப்பு. 1966-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம், அதுவும் சிறப்புத் தேர்ச்சியோடு! அதே வருஷம் நியூயார்க்கில் கிரவாத் என்ற பெரிய வக்கீல் நிறுவனத்தில் சேர்ந்து, 1973-ல் அதன் பங்குதாரர்களில் ஒருவராகவும் ஆகிவிட்டார்.

‘சட்டம் என்றால் மூட்டை மூட்டையாகப் படிக்க வேண்டுமே, அது எப்படி?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். எல்லாவற்றையும் தானே படித்து முடிப்பது அவருக்கு ஆகாத காரியம். அதனால் ஒரு கட்டுக் காகிதத்தில் எது முக்கியமோ அதை மட்டும் பிடித்துக் கொள்ளப் பழகினார். மற்றதற்கெல்லாம் காதுதான். சாட்சிக் கூண்டில் நிற்பவர் எந்த வார்த்தையில் தயங்கினார், எந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவினார் என்று கூர்ந்து கேட்டு வைத்துக் கொள்வார். குறிப்புச் சீட்டு இல்லாமலே மணிக்கணக்கில் வாதாடுவார். சின்ன வயதில் அம்மா மடியில் பழகிய பழக்கம் கோர்ட்டில் கை கொடுத்தது!

அவர் அதிகம் நடத்தியவை வியாபார வழக்குகள். ‘அதென்ன?’ என்பவர்களுக்கு ஒரு உதாரணம். நம் தெருவில் நாலு மளிகைக் கடை இருக்கிறது. நாலு பேரும் ரகசியமாகக் கூடிப் பேசி, ‘பருப்பை இந்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது’ என்று முடிவு செய்தால் நாம் எங்கே போவது? இதையே உலக அளவில் வைட்டமின் கம்பெனிகள் செய்தன. மாவிலும் பாலிலும் மாட்டுத் தீவனத்திலும் சேர்க்கிற அதே வைட்டமின்தான். 1999-ல் இது வெட்ட வெளிச்சமானது. அமெரிக்க அரசு ரோஷ் கம்பெனிக்கு 50 கோடி டாலர் அபராதம் போட்டது. அது தனி. அதிக விலை கொடுத்து வாங்கி ஏமாந்தவர்கள் போட்ட வழக்கில், பாய்ஸின் நிறுவனமும் முன்னின்று 100 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈட்டுக்கு வழி செய்தது.

அதற்கு முன்பே, 1984-ல், வியட்நாம் போரில் அமெரிக்கப் படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட் ஒரு டெலிவிஷன் நிறுவனத்தின் மீது 12 கோடி டாலர் கேட்டு மானநஷ்ட வழக்கு நடத்தினார். டெலிவிஷன் தரப்புக்கு வாதாடியவர் பாய்ஸ். 1985 பிப்ரவரியில், தீர்ப்புக்கு முன்பே ஜெனரல் வழக்கை வாபஸ் வாங்கிக் கொண்டார்.

எல்லாவற்றையும் விடப் பேர் வாங்கித் தந்தது மைக்ரோசாப்ட் வழக்கு. அந்தக் கம்பெனி தன் பலத்தைக் காட்டிப் போட்டியாளர்களை நசுக்குகிறது என்று 1998-ல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அரசு தரப்பு வக்கீல் நம்மவர்தான். பில் கேட்ஸை மூன்று நாள் உட்கார வைத்துக் கேட்ட கேள்விகளும் பதில்களும் வீடியோவில் பதிவாயின. சாதாரணச் சொல்லுக்குக் கூட ‘அதற்கு என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள்?’ என்று கேட்ஸ் மல்லுக்கு நின்றார். பாய்ஸ் குரலை உயர்த்தவே இல்லை. அதே கேள்வியைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டார். கோர்ட்டில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியபோது நீதிபதியே சிரித்து விட்டாராம். 2000-ல் தீர்ப்பு கம்பெனிக்கு எதிராக வந்தது. கம்பெனியை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன உத்தரவை மேல் கோர்ட் 2001-ல் ரத்து செய்தது. ஆனால் கம்பெனி சட்டத்தை மீறியது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டது.

ஜெயித்த கதையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. 2000 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தல் வழக்கில் அல்கோருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தோற்றார். எதிர்த்தரப்பில் நின்று ஜெயித்தவர் டெட் ஓல்சன். ஒன்பது வருஷம் கழித்து, 2009-ல், இதே இரண்டு பேரும் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமண உரிமைக்கான வழக்கில் ஒரே பக்கம் நின்றார்கள்! அந்த வழக்கில் ஜெயித்தும் விட்டார்கள். கோர்ட் வாசலில் சண்டையை விட்டுவிட்டு வரத் தெரிந்தவர்கள். ஒரு கல்யாணத்தில் பந்தியில் கூப்பிடவில்லை என்று இருபது வருஷம் பேசாமல் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் சிலரை நினைத்துக் கொண்டேன்!

எதற்காக இந்த மனுஷர் இப்படி ஓடினார்? பணம் நிறையச் சம்பாதித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கோர்ட்டுக்கு மலிவான ரெடிமேட் கோட்டும் கறுப்புக் கேன்வாஸ் ஷூவுமாகத்தான் போவார் என்று எழுதியிருக்கிறார்கள். 1997-ல், நியூயார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் குழுவுக்கு அவர் வழக்கு நடத்துவது, அவருடைய நிறுவனத்தின் வேறொரு பெரிய கட்சிக்காரருக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் இருந்த இடத்தை விட்டு வெளியே வந்து, கூட்டாளியோடு சொந்தமாக அலுவலகம் போட்டார். அப்போது வயது 56! நம் ஊரில் ரிடையர் ஆகும் காலம். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி, எடுத்த வழக்கை விடாத பிடிவாதம், இரண்டும்தான் அவரை ஓட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வெறிக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. நடிகைகளும் வேறு பெண்களும் புகார் சொன்ன சினிமாத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனுக்கும் இவர் வக்கீல். பத்திரிகையில் செய்தி வராமல் தடுக்கத் துப்பறியும் ஆட்களை வைத்த ஒப்பந்தத்தில் இவர் கையெழுத்து இருந்தது 2017-ல் வெளிவந்தது. அந்தச் செய்தியை எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையே வேறு வழக்குகளில் இவர் நிறுவனத்தின் கட்சிக்காரர்! அவர்கள் உடனே உறவை முறித்துக் கொண்டார்கள். அதே நிறுவனம்தான் 2023-ல், எப்ஸ்டீன் என்பவனால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக ஒரு பெரிய பாங்கோடு மோதி 29 கோடி டாலர் வாங்கிக் கொடுத்தது. இதையும் எழுதுகிறேன், அதையும் எழுதுகிறேன். ‘இவரைப் போல ஆகு’ என்று பிள்ளையிடம் சொல்லும்போது எதில் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். எங்கள் கீழ்வீட்டுப் பெண் போன மாதம் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா, இவன் வாயால சொல்றதெல்லாம் கரெக்டா சொல்றான். எழுதச் சொன்னா தப்புத் தப்பா எழுதறான். ஸ்கூல்ல மக்குன்னு பேர் வைச்சுட்டாங்க” என்றாள். பையன் சுவரைப் பார்த்துக் கொண்டு நின்றான். எனக்கு மனசே சரியில்லை.

இப்படிப்பட்ட தாய்மார்களுக்கு நான் சேகரித்த சில விஷயங்கள்:

டிஸ்லெக்ஸியா கண் கோளாறு இல்லை. மந்த புத்தியும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் பொருத்துவதில் மூளைக்கு வரும் சிரமம். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். தாய் வளர்ப்பினால் வருவதில்லை. ஆகவே மாமியார் என்ன சொன்னாலும் மனம் உடையாதீர்கள்.

ஐந்து, ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். உடனே பயப்பட வேண்டாம். ஏழு, எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டத் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால், குழந்தை மனநல நிபுணரிடமோ சிறப்பு ஆசிரியரிடமோ காட்டுங்கள்.

இதற்கு மாத்திரை, டானிக் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாகச் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சிதான் வைத்தியம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நம் நாட்டில் 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் கணக்கில் எடுத்துக் கொள்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. முறையான சான்றிதழ் வேண்டும். பள்ளியில் தைரியமாகக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினம் அரை மணி நேரம் குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள். பாட்டி சொல்லும் கதையும் சரி. எழுத்து மெதுவாக வரட்டும். அறிவும் ஆசையும் காத்திருக்க வேண்டியதில்லை.

திணறுகிற பிள்ளைகள் எல்லோரும் பெரிய வக்கீலாகி விடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உதவியே கிடைக்காமல் படிப்பை விட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், காலத்தில் கவனியுங்கள்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் நிபுணரைப் பார்க்க நேரம் வாங்கியாயிற்று. ஆபீஸில் லீவு கிடைக்காத அவள் கணவருக்குப் பதிலாக நானும் துணைக்குப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்து, எந்த வழி பலன் தந்தது என்று தெரிந்தால் எழுதுங்கள். மற்ற சகோதரிகளுக்கும் உதவும்.