குறுமுகவரிகளை நம்பலாமா?

இணையதளப் பக்கங்களின் நீண்ட முகவரிகளைச் சில எழுத்துகளில் சுருக்கித் தரும் சேவைகள் இருபதாண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ளன. டைனியுஆர்எல் 2002-இலும், பிட்லி 2008-இலும் தோன்றின. 2009-இல் கூகுள் ஸ்தாபனமும் இத்துறையில் இறங்கியது.

இவற்றால் பயன் இல்லாமல் இல்லை. தமிழ் எழுத்து கலந்த முகவரியைப் பிரதி எடுத்தால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீண்டுவிடுகிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகளுக்கு இடமுண்டு. தமிழில் 70 குறிகளுக்கே இடம். ஆகவே தமிழர்களுக்குக் குறுமுகவரியின் தேவை சற்று அதிகமே.

ஆனால், குறுமுகவரிக்குள் உண்மையான முகவரி இருப்பதில்லை. அது சேவை நடத்தும் நிறுவனத்தின் கணினிப் பதிவேட்டில் இருக்கிறது. தட்டும் ஒவ்வொரு முறையும் அந்நிறுவனம்தான் வழிகாட்ட வேண்டும். யார், எப்போது, எங்கிருந்து தட்டினார்கள் என்ற விவரமும் அதனிடம் சேர்கிறது. பெரும்பாலும் இலவசமாக நடக்கும் இச்சேவைக்கு, பழைய முகவரிகளைக் காலமெல்லாம் காப்பது செலவே தவிர வரவு அல்ல.

கூகுளின் அனுபவம் இதற்குச் சான்று. 2019 மார்ச்சில் புதிய குறுமுகவரிகள் வழங்குவதை அது நிறுத்தியது. பழையவையும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பின் இயங்கா என்று 2024 ஜூலையில் அறிவித்தது. பின்னர், உபயோகத்தில் உள்ளவை நீடிக்கும், உபயோகமற்றவை மட்டுமே நிறுத்தப்படும் என்று அறிவிப்பைத் தளர்த்தியது. பெரிய ஸ்தாபனத்தின் நிலையே இது என்றால், சிறிய நிறுவனங்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

வேறோர் அபாயமும் உண்டு. பிட்லி போன்ற பெயர்களின் வால் எழுத்துகள் லிபியா நாட்டுக்கு உரியவை. 2010-இல் அந்நாட்டு நிர்வாகம், தன் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று கூறி, இத்தகைய சேவை ஒன்றின் பெயரையே ரத்து செய்தது.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது மோசடி. போகுமிடம் தெரியாத முகவரி, வஞ்சகர்களுக்கு வசதியான திரை. வங்கி, மின்வாரியம், பார்சல் என்ற பெயர்களில் வரும் போலிச் செய்திகள் இத்திரையைப் பயன்படுத்துகின்றன. முன்கூட்டிப் பதிவு செய்யப்படாத இணைப்புகளைக் கொண்ட வணிகக் குறுஞ்செய்திகளைத் தடுக்கும் ஏற்பாட்டை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்குக் கொண்டு வந்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கை, எனினும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு இது பொருந்தாது.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு மலரிலும் அழைப்பிதழிலும் குறுமுகவரியையோ, அதை உள்ளடக்கிய கியூஆர் கட்டத்தையோ அச்சிடும்போது இதை நினைவில் கொள்வது நல்லது. மலர் ஐம்பது ஆண்டு அலமாரியில் இருக்கும். முகவரி ஐந்து ஆண்டு இருக்குமா என்பது நிச்சயமில்லை. சொந்த இணையதளத்திலேயே சிறிய முகவரி அமைத்துக்கொள்வதும், மூல முகவரியை உடன் அச்சிடுவதும் சிரமமான காரியம் அல்ல.

முன்பின் அறியாதவர் அனுப்பும் குறுமுகவரியைத் தட்டாதிருப்பதே பொதுமக்களுக்குப் பாதுகாப்பு. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். அவசரச் செய்திக்குக் குறுமுகவரி போதும். ஆவணத்துக்கு அது ஆதாரமாகாது.