ஏலம் போகிறது கடல் கடந்து!

ஏலம் ஏலம் போகும் ஊர் எது என்று விடுகதை போட்டால், தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் தயங்காமல் சொல்வார்கள், போடிநாயக்கனூர் என்று. மலையிலே விளைகிறது; மாதர் கையாலே பறிபடுகிறது; போடியிலே விலை பேசப்படுகிறது; கப்பலேறிக் கடல் கடக்கிறது. காய் போய்விட்டது. அந்தக் காயைப் பறித்தவளின் மகள்? விடியுமுன் ஜீப்பிலே நெருக்கியடித்து அவள் தாய் போடிமெட்டு ஏறுகிறாளே, அதற்கப்பால் இருக்கும் கேரளத்துத் தோட்டம்தான் அந்தக் குடும்பம் கண்ட வெளிநாடு!

ஐரோப்பாவைப் பாருங்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1914இலும் 1939இலும் மோதிக் குருதியில் குளித்த நாடுகள். 1963இல் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டில் இரு நாட்டு இளைஞரையும் இணைக்க ஓர் அலுவலகமே கண்டார்கள். 1987இல் கல்லூரி மாணவருக்கு எராஸ்மஸ் திட்டம் வந்தது. 2005இல் கணினி வழியே பள்ளியோடு பள்ளியைப் பிணைக்கும் ஈ-ட்வின்னிங் வந்தது. பகைவன் வீட்டுப் பிள்ளை நம் வீட்டிலே தங்கட்டும், நம் கூழைக் குடிக்கட்டும், நம் திருவிழாவைப் பார்க்கட்டும், பிறகு நம் பிள்ளை அங்கே போகட்டும் என்று துணிந்தார்கள். பரிமாற்றம் என்பது அது. சுற்றுலாவுக்குப் பூசிய சாயம் அல்ல.

"நம் மலையடிவாரத்துப் பள்ளியிலே அவர்களுக்குக் கற்க என்ன இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. சொல்கிறோம், கேட்கட்டும். பின்லாந்திலே 'புல்லா' என்றொரு இனிப்பு ரொட்டி. அதன் மணமே ஏலக்காய் மணம். அதைத் தின்று வளரும் பிள்ளைக்கு, ஏலம் மரத்திலே காய்ப்பதில்லை, செடியின் அடியிலே தரையோரச் சரத்திலே காய்க்கிறது, குனிந்த முதுகு நிமிராமல் அதைப் பறிக்கிறார்கள், பச்சை மாறாமல் சூடேற்றிய அறையிலே உலர்த்துகிறார்கள், சலித்துத் தரம் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் எந்த ஏட்டிலே தெரியும்? பறித்தவளின் மகள் சொன்னால் தெரியும்! குரங்கணி மலையிலே முதுவர் குடிகள் இருக்கின்றன. மதுரையிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மணமாகாத இளைஞர் கூடி உறங்கும் சாவடி அவர்களுக்கு உண்டு. அந்தக் கதையை முதுவர் வீட்டுப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டும். தலைப்பாகை கட்டி, முகத்திலே மை பூசி, நகரத்துப் பிள்ளை ஆடிக்காட்டும் மேடைக் கூத்து நமக்கு வேண்டாம். அதைப் பண்பாடு என்பது பண்பாட்டையும் ஏலம் போடுவதே ஆகும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத்திருவிழா நடக்கிறது. கனவு ஆசிரியர் விருது பெற்ற ஆசிரியர்கள் 2024இல் பிரான்சு சென்று வந்தனர். வரவேற்கிறோம், வாயார வாழ்த்துகிறோம். ஆனால் வெளிநாட்டுப் பள்ளியோடு கைகோப்பது கட்டணப் பள்ளிகளின் தனிச்சொத்து என்ற நிலை இன்னும் பெரும்பாலும் மாறவில்லை. ஜீப்பிலே போகும் தாயின் மகள் பெயர் முதல் பட்டியலிலே இருக்கவேண்டும். கடைசியிலே, இடமிருந்தால், என்பது அல்ல.

தோழர்களே, நம்மை உறுத்தும் கேள்வி இனிமேல்தான் வருகிறது. பரிமாற்றம் என்றால் வீட்டிலே தங்கவேண்டும், ஒரே பந்தியிலே உண்ணவேண்டும். ஹெல்சிங்கி பிள்ளை வந்தால் வாசலிலே கோலம், கையிலே பன்னீர், நடுக்கூடத்திலே நாற்காலி! அடுத்த தெருப் பிள்ளை வந்தால்? திண்ணையோடு நிறுத்தி, "நீ எந்தத் தெரு?" என்று கேட்கும் வீடுகள் இல்லையா? 1989இல் இதே போடியிலே சாதிவெறி மூண்டு உயிர் குடித்ததே, மறந்தோமா? கடலைத் தாண்டுவது எளிது, தெருவைத் தாண்டுவது கடினம் என்று ஒரு நாடு இருக்குமானால், அது எந்தப் பண்பாட்டைப் பிறர்க்குக் காட்டப்போகிறது?

எனவே கடவுச்சீட்டுக்கு முன்னே ஒரு வேலை. போடி நகரத்துப் பிள்ளை ஒரு வாரம் முதுவாக்குடியிலே தங்கட்டும். முதுவாக்குடிப் பிள்ளை ஒரு வாரம் போடியிலே தங்கட்டும். காலனிப் பிள்ளை கடைவீதி வீட்டிலே, கடைவீதிப் பிள்ளை காலனி வீட்டிலே. செலவு அதிகமில்லை. விமானம் வேண்டாம். 2010 முடிவிலே நின்றுபோன போடி ரயில்கூட 2023 ஜூனிலே அகலப் பாதையில் திரும்பி வந்துவிட்டது. மறு ஆண்டு ஐரோப்பியப் பள்ளிக்கு மடல் எழுதுவோம். "எங்கள் வீடுகளிலே தங்க வாருங்கள்" என்று நெஞ்சு கூசாமல் எழுதலாம்.

முதலில் கதவைத் திறக்கும் வீடு போடியில் எந்தத் தெருவிலே இருக்கிறது? தலைமையாசிரியர்கள் வருகிற திங்கட்கிழமையே விசாரிக்கத் தொடங்கட்டும்.